ஐந்து பொன்னாயிகளும் கடைசிக் கட்டமும்

"இது மனுசங்க உட்கார்ற சீட்டு."

மலையடிவாரத்துக் காரவள்ளியில் மழையோடு பஸ் ஏறிய ஜெனிபர், சீட்டில் வீற்றிருந்த பிளாஸ்டிக் பெட்டியைக் காட்டினாள்.

"தெரியுமுங்க. பொட்டி பேசாம வருது, அதான் உட்கார வெச்சேன்."

பக்கத்திலிருந்த இளைஞன் பெட்டியை மடிக்கு மாற்றிக்கொண்டு நிமிர்ந்தான். இமைகளில் மழைத்துளிகள் உருளாமல் நின்றன... அவள் பார்த்துவிட்டாள். பார்த்ததற்காகவே உடனே வெளியே பார்த்தாள். லீவு போட்டு மலையேறுவது வேலைக்காக, இமைகளைப் பார்க்க இல்லை.

முதல் வளைவிலேயே அவளுடைய ஃபைல் சரிந்தது. அவன் தாங்கிப் பிடித்தான்.

"அருவி பார்க்கப் போறீங்களா?"

"பில் பார்க்க."

கீழே டவுனில் ஒரு மருத்துவமனையில் அவளுக்குப் பில் அனுப்பும் வேலை. மலையில் சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அந்த மருத்துவமனை மாதம் ஒரு குழு வகுப்பு நடத்துகிறது. இதுவரை வந்தவர்களின் எண்ணிக்கையைச் சொன்னாலே இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தந்துவிடும். இந்த மாதம் முதல் ஆளுக்கு ஒரு வரி வேண்டும் என்றார்கள். பட்டியல் வந்தது...

"ஒரே வகுப்புல பொன்னாயி, பொன்னாயின்னு அஞ்சு வரிங்க. அஞ்சுக்கும் ஊரு வாழவந்தி நாடு. சிவப்பு மையில 'போலி'ன்னு எழுதித் திருப்பிட்டேன். இன்னிக்குள்ள சரியாகலைன்னா வகுப்பையே நிறுத்திடுவாங்களாம். தப்பு நம்ம மேலயோன்னு நேத்துலருந்து சோறே இறங்கல."

அவன் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல நின்றது. "வகுப்பு எடுக்கறவரைத் தெரியுமுங்களா?"

"பேரு இளங்கோ. கையெழுத்து மட்டும்தான் தெரியும். குறிப்பு அவ்வளவு அழகா எழுதுவாரு. அதான் பயமே... பொய்யையும் அழகா எழுதலாமில்ல?"

மீதி வளைவுகள் முழுவதும் அவன் பெட்டியின் மூடியையே பார்த்துக்கொண்டு வந்தான். நான் என்ன சொல்லிவிட்டேன்? ஜெனிபர் ஒவ்வொரு வாக்கியமாகத் திரும்ப நினைத்துப் பார்த்தாள்.

மலை மேல் சோளக்காடு நிறுத்தத்தில் மழை விட்டிருந்தது. மிளகு மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்ற ஒரு பெண் குரல் கொடுத்தாள். "ஏஞ்சாமி இளங்கோ, உன்னையக் காணோமேன்னு பார்த்தேன்."

ஜெனிபரின் கால் பஸ் படியிலேயே நின்றது.

"நீங்களா..."

"அந்தப் போலி நான்தானுங்க. ராஜினாமாக் கடுதாசி இந்தப் பொட்டியிலதான் இருக்குது." அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "வந்தது வந்துட்டீங்க. எண்ணிட்டே போங்க."

வகுப்பு நடக்கும் கூடத்தில் பதினாலு பேர் இருந்தார்கள். ஜெனிபர் நோட்டைத் திறந்தாள். "பொன்னாயிங்கிற பேர் உள்ளவங்க... கை தூக்குறீங்களா?"

ஐந்து கைகள் உயர்ந்தன.

"நான் மாணிக்கம் ஊட்டுக்காரி, அவ மேக்காட்டுக்காரி," என்றாள் மிளகு மூட்டைக்காரப் பொன்னாயி. "ஊருக்கே தெரியும். உங்க காயிதத்துக்குத் தெரியலையாக்கும் கண்ணு?"

"அஞ்சு பேருக்கும் சர்க்கரை தனித்தனியாத்தான் ஏறுது," என்றாள் இன்னொரு பொன்னாயி. கூடமே சிரித்தது.

ஜெனிபர் எழுந்து நின்றாள். "தப்பு என்னோடதுங்க. ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கணும். கேக்காம எழுதிட்டேன்."

சிரிப்பு அடங்கியது. அவன் முதன்முறையாக அவளை நேராகப் பார்த்தான்... அந்தப் பார்வையில் கோபம் பாதிதான் மிச்சமிருந்தது.

அவள் ஒவ்வொருவரின் இன்சூரன்ஸ் அட்டை எண்ணையும் கணவர் பெயரையும் எழுதிக் கைரேகை வாங்கினாள். ஆபீசுக்குப் போன் போட்டாள். பில் பாஸ். வகுப்பும் நிற்காது. பிறகு கடைசி வரிசையில் உட்கார்ந்து வகுப்பைக் கேட்டாள்.

"ஒரு நாளைக்குப் பலாச்சுளை எத்தனை?" என்று கேட்டான் இளங்கோ.

"ரெண்டு," என்றார்கள் எல்லாரும்.

"மாணிக்கம் ஊட்டுல மட்டும் நாலாமே?"

"சுளை சின்னது சாமி."

மாலையில் சாரல் மறுபடி தொடங்கியது. பஸ் புறப்படும் முன் அவள் பட்டியலை அவனிடம் நீட்டினாள். அவன் அதைப் பார்க்காமலே கேட்டான்.

"'பலாச்சுளையைக் குறைத்த பொன்னாயி இப்போது எப்படி இருக்கிறார்?'னு, போன வைகாசியில என் குறிப்போட ஓரத்துல பச்சை மையில கேட்டு 'ஜெ.'ன்னு கையெழுத்துப் போட்டது... அதுவும் நீங்கதானுங்களா?"

"ம்."

"பில்லுக்கு அது தேவையா?"

"இல்ல."

"பில்லுக்கு ஒரு வரி போதும்னு எனக்கும் தெரியுமுங்க. அந்தப் பச்சை மை வந்த பொறகுதான் பக்கம் பக்கமா எழுதினேன். அதே 'ஜெ.' சிவப்புல வந்ததும்... தாங்கலைங்க."

அவள் கண்கள் நிறைந்தன. "பட்டியல்ல கடைசிக் கட்டத்தைப் படிங்க."

'குறிப்பு' என்ற அந்தக் கட்டத்தில் பச்சை மையில் இரண்டு வரி இருந்தது. 'இவர் எழுதுவதை மாதாமாதம் இரண்டு முறை படிக்கிறேன். முதல் முறை பில்லுக்காக.'

அவன் இரண்டு முறை படித்தான். "ரெண்டாவது தடவை?"

"எனக்காக." மழைச் சத்தத்தில் அது அவளுக்கே கேட்கவில்லை. அவனுக்குக் கேட்டது.

டிரைவர் ஹாரன் அடித்தார். அவள் ஓடி ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பக்கத்து சீட்டில் 'தொம்' என்று அந்தப் பெட்டி வந்து உட்கார்ந்தது.

"பட்டியலை ஆபீசுல நானே குடுக்கலாம்னு..." இளங்கோ மூச்சு வாங்கினான்.

"ராஜினாமா?"

"கிழிச்சாச்சுங்க."

ஜெனிபர் பெட்டியை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இது மனுசங்க உட்கார்ற சீட்டு," என்றாள்.