திரைக்குப் பின்னால் ஆறு பேர்

"நிறுத்துங்க மாமா! ஒரு அடிகூட முன்னால வராதீங்க!"

இரண்டு கைகளையும் விரித்தபடி, பனி ஸ்கூட்டரின் முன்னால் பாய்ந்து நின்றாள் ரிஸ்டென். அஸ்லாக் மாமா பிரேக்கை அழுத்தினார். வண்டி அவளுடைய பூட்ஸை இடிக்காத குறையாக நின்றது.

"பைத்தியமாடி உனக்கு? குறுக்க வந்து விழுற!"

மணி மதியம் இரண்டு. வானம் முழுக்க நட்சத்திரங்கள். டிசம்பரில் வடதுருவத்தை ஒட்டிய அந்த ஊரைச் சூரியன் எட்டிப் பார்ப்பதே இல்லை. ஏரிக்கரையில் பெரிய பனிச்சுவர் எழுப்பி, அதையே திரையாக்கி, இன்று கிறிஸ்துமஸ் படம் போடப்போகிறார்கள். நாற்காலி கிடையாது. அவரவர் ஸ்கூட்டரில் மான்தோலை விரித்து உட்கார வேண்டியதுதான். முன்வரிசை பிடிக்க முதல் ஆளாக வந்திருந்தார் மாமா.

"அங்க பாருங்க, குழி!"

சுவருக்கு முன்னால், புதுப் பனியில், கோப்பை அளவில் ஆறு பள்ளங்கள்.

"மரத்துலேருந்து பனி விழுந்திருக்கும்."

"இங்க ஏது மாமா மரம்? பனிக்கவுதாரிங்க உள்ள தூங்குது."

மாமா சிரித்தார். துருவ மான் மேய்ப்பவர்களில் அவரைப்போலத் தடம் பார்க்க ஆள் இல்லை. நரி ஓடியதா, நொண்டியதா என்பதைப் பனியே அவருக்குச் சொல்லிவிடும்.

"ஒரு காலடிகூட இல்லையே! தடம் இல்லன்னா மிருகமும் இல்ல, பறவையும் இல்ல. நகரு, நகரு!"

ஏரியின் மறுகரையில் விளக்குகள் தெரிந்தன. வரிசையாக ஸ்கூட்டர்கள் உறுமிக்கொண்டு வந்தன.

ரிஸ்டென் மாமாவின் கையைப் பிடித்து இழுத்தாள். "அதுங்க நடந்து வரல மாமா. பறந்து வந்து பனிக்குள்ள ஒரே குதி! கொஞ்சம் குனிஞ்சு பாருங்களேன்."

முணுமுணுத்தபடி மண்டியிட்ட மாமா, நெற்றியில் கட்டியிருந்த விளக்கைப் பள்ளத்தின்மேல் திருப்பினார். பள்ளத்தின் இரு பக்கமும் விசிறிபோல மெல்லிய கீறல்கள்.

சிரிப்பு காணாமல் போனது.

"அடடா... காலடியையே தேடிட்டிருந்தேன். இறக்கையும் தடம் போடும்னு தோணலயே!" அவர் குரல் கிசுகிசுப்பாகியது. "கிளப்பி விட்டுரலாமா?"

"ஐயோ, வேணாம்! வெளியில இப்படிக் குளிருது. உள்ள பனிதான் அதுங்களுக்குப் போர்வை. இருட்டுல எங்க போகும்?"

"அப்ப படம்? புரொஜெக்டர் நாளைக்கு அடுத்த ஊருக்குப் போயிருமே."

விளக்குகள் நெருங்கின. ரிஸ்டென் பள்ளங்களைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். சட்டென்று அதன் பின்னால் ஓடினாள்.

"மாமா! சுவருக்கு முதுகும் இருக்கு!"

மாமா தோளில் கிடந்த, மான் பிடிக்கும் ஆரஞ்சு நிறச் சுருக்குக்கயிற்றை உருவி, பள்ளங்களைச் சுற்றி வளையமாகப் போட்டார். பிறகு கைகளை ஆட்டிக்கொண்டே ஓடி, எல்லா வண்டிகளையும் மறுபக்கம் திருப்பினார்.

சுவரின் முதுகு கரடுமுரடாக இருந்தது. ஆளுக்கொரு மண்வாரியால் செதுக்கினார்கள்.

"படம் பாக்கக் கூப்பிட்டு வேலையா வாங்குற?" என்று ரிஸ்டெனின் காதைத் திருகினாள் எல்லே அத்தை. அப்புறம் அவளே எல்லோரையும்விட வேகமாகச் செதுக்கினாள்.

படம் தொடங்கியது. அதில் கிறிஸ்துமஸ் தாத்தாவின் சறுக்குவண்டி மணிகள் கணகணவென்று முழங்கியதும், மாமா எழுந்துபோய் ஒலியைக் குறைத்தார்.

"ஒண்ணும் கேக்கல!" என்று பின்வரிசையில் ஒரு குரல்.

"கேக்கலன்னா பக்கத்துல வாப்பா," என்றார் மாமா. "அந்தப் பக்கம் ஆறு பேரு தூங்குறாங்க."