பின்வரிசைப் பதிவு

காலைத் தேநீர் முடிந்ததும் எஸ்தர் கேட்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். தூத்துக்குடி நினைவகத்தில் அவள் தேர்வாளர். ஒரு கச்சேரி முடிந்தால், ரசிகர்கள் கைப்பேசியில் எடுத்த பதிவுகள் எல்லாம் அங்கே வந்து குவியும். கைதட்டலில் பாட்டு முழுகியது, காற்றடித்துக் கரகரத்தது என்று ஒவ்வொன்றாகத் தள்ளி, கடைசியில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வாள். மற்றவை அழிக்கப்படும். தேர்வாகாததை நகலெடுக்க அங்குள்ள பொறி விடாது.

போன வருடத்துத் துறைமுகத் திடல் கச்சேரியின் முறை ஒருநாள் வந்தது. மேடையோரத்திலிருந்து யாரோ எடுத்த பதிவில் பாடகியின் மூச்சுகூடத் தனியாகக் கேட்டது. ஒத்திசைவுப் பொறியை இயக்கும் இசக்கி, அதையே முடித்துவிடலாம் என்றான். எஸ்தர் கடமைக்காகத்தான் பின்வரிசைப் பதிவையும் போட்டாள்.

ஒரே இரைச்சல். அதன் நடுவே சுருதி சேராமல் கூடப் பாடும் ஓர் ஆண்குரல். பாடகி நிறுத்திய பிறகும் அது நிற்கவில்லை. பிறகு, மாட்டிக்கொண்டவனின் சிரிப்பு.

நெல்சன்.

அவள் கணவன் இறந்து ஒரு மழைக்காலம் கடந்திருந்தது. பேச்சைப் பதியவே விடாத மனிதன். வீட்டில் படங்கள் உண்டு, குரல் இல்லை. கச்சேரியன்று அவன் பக்கத்தில்தான் அவளும் உட்கார்ந்திருந்தாள். ஆனால் அந்தக் குரலை மனத்துக்குள் எழுப்ப முடியாமல் போய் வெகுநாளாகிவிட்டது.

“இதயே வச்சுக்கிடுவோம்” என்றாள்.

“வெளையாடுதியளாக்கா? எவனோ கழுத மாரி கத்துதான்.”

“எங்க வீட்டுக்காரரு அது.”

இசக்கி ஒலியை நிறுத்தினான்.

“திடல்ல இருந்த அத்தன பேரு மண்டையிலயும் இதுதான் போய் உக்காரும். ஒங்க மண்டையிலயும்.”

“உக்காரட்டும். அதுக்குத்தான கேக்கேன்.”

ஒரு நிகழ்வுக்கு ஒரே நினைவு என்பது சட்டம். ஆளுக்கொன்றாக நினைவு வைத்துக்கொண்டு ஊர் ஊராக வெட்டி மாண்ட காலத்துக்குப் பிறகு வந்தது. தேர்ந்த பதிவு, காதுக்குப் பின்னால் பதித்த செவிமணி வழியே, அங்கிருந்த எல்லோருக்குள்ளும் இறங்கும். கேட்டதும் பார்த்ததுமாகப் பழைய நினைவு அதன் வடிவுக்கு மாறிக்கொள்ளும். பதிவில் என்ன கேட்கிறது என்பதை மட்டுமே எடைபோட்டுப் பழகியவள் எஸ்தர். எங்கிருந்து கேட்கிறது என்று அவள் யோசித்ததே இல்லை.

இரண்டு நாள் கழித்துச் சந்தையில் மீன் நறுக்கியவர் அந்தப் பாட்டைச் சுருதி பிசகி முனகினார். முடித்ததும் அதே சிரிப்பு. பேருந்தில் ஒரு கல்லூரிப் பெண்ணும் அப்படியே பாடி, அப்படியே சிரித்தாள். முன்பின் அறியாத வாய்களிலெல்லாம் நெல்சன் இருந்தான். எஸ்தருக்கு உடல் சிலிர்த்தது. மகிழ்ச்சி என்றுதான் நினைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து கண்ணை மூடினாள். குரல் வந்தது, தெளிவாக. ஆனால் பக்கத்திலிருந்து அல்ல, முன்னாலிருந்து வந்தது. கைப்பேசியைத் தூக்கிப் பிடித்திருந்த யாரோ ஒருவரின் இடத்தில் அவள் இருந்தாள். எதிரே நெல்சனின் பிடரி. அவன் தோளில் ஒரு பெண் சாய்ந்திருந்தாள்; அவள் கட்டியிருந்தது எஸ்தரின் சேலை. பாட்டு ஓய்ந்தபோது அவன் குனிந்து அவள் காதில் ஏதோ சொன்னான்.

எஸ்தர் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டாள். அவ்வளவு தூரத்துக்கு அது எட்டவில்லை. அந்தப் பெண் மட்டும் சிரித்தாள்.