பிழை வந்தாலும் நிறுத்தாதே

மின்சாரத்தைத் துண்டித்து மூன்று நாளாகியிருந்த மூன்றாம் நம்பர் அடைகாக்கும் மெஷினிலிருந்து, கிருபாசங்கரின் திரையில் இன்னும் நிமிடத்துக்கு ஒரு வரி வந்துகொண்டிருந்தது. வெப்பம் நூறு டிகிரி ஃபாரன்ஹீட். முட்டைத் தட்டுகள் திருப்பப்பட்டன.

பல்லடத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்தக் கோழிக்குஞ்சு ஹேட்சரியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. மதியம் மூன்று மணி. ஃபார்மலின் நெடியும், அவிந்து கெட்டுப்போன பன்னிரண்டாயிரம் முட்டைகளின் வாடையும் ஏ.சி. காற்றோடு சேர்ந்து சட்டைக்குள் இறங்க, கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் சாப்பாட்டுத் தூக்குப்போசியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நாச்சியம்மாளைப் பார்க்காமலிருக்க அவன் திரையிலேயே கண்ணை வைத்திருந்தான். மெஷின் கதவைச் சரியாகச் சாத்தாமல் முட்டையெல்லாம் கெடுத்துவிட்டாள் என்று அவளை இன்றோடு வேலையிலிருந்து நிறுத்துகிறார்கள்.

கெடுத்தது அவன்.

நாலு நாளுக்கு முன் அக்கா மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமனான இவன் மடியில் குழந்தை. அந்த நேரம் பார்த்து, மூன்றாம் நம்பர் மெஷினின் டிஸ்கில் பழுது என்று போனில் அலாரம் அடித்தது. பழுது தென்பட்டால் மேற்கொண்டு எதுவும் எழுதவிடாமல் டிஸ்கைப் பூட்டிவிடு என்றுதான் கம்ப்யூட்டரை உள்ளிருந்து நடத்தும் கர்னலுக்கு அவன் சொல்லிவைத்திருந்தான். பூட்டிய டிஸ்கைச் சரிசெய்யும்வரை அலாரம் விடாது. எல்லோரும் இவனையே பார்த்தார்கள். ஒற்றைக் கையால் போனிலேயே ஆப்ஷனை மாற்றினான்: பிழை வந்தாலும் நிறுத்தாதே. அலாரம் ஓய்ந்தது. கெட்டுப்போன டிஸ்கிலிருந்து பழைய வெப்ப அளவையே திரும்பத் திரும்பப் படித்த மெஷின், ராத்திரி முழுக்கச் சூட்டை ஏற்றிக்கொண்டே போனது.

மறுநாள் வந்ததும் செட்டிங் ஃபைலில் அந்த வரியைப் பழையபடி திருத்தினான். முதலாளி தம்பிதுரைக்கு அந்த ஃபைலைத்தான் காட்டினான். ஃபைலில் இருப்பது நாம் கேட்டுக்கொண்டது மட்டும்தான். எந்த டிஸ்க் எந்த ஆப்ஷனோடு ஓடுகிறது என்று கர்னல் தனியாக ஒரு பட்டியல் வைத்திருக்கும், நடப்பு அதுதான். பாவம், அவருக்கு அது தெரியாது. அவர் தோளில் தட்டிக்கொடுத்தபோது கூசிப்போனான்.

இப்போது அந்தப் பட்டியலைத் திறந்தான். பிழை வந்தாலும் நிறுத்தாதே. மாற்றச் சொல்லிக் கட்டளை கொடுத்தான். ஏற்றுக்கொண்டது. மறுபடி பார்த்தான். பிழை வந்தாலும் நிறுத்தாதே. டிஸ்கையே கழற்றி மேசைமேல் வைத்தான். பட்டியலில் அந்த வரி அப்படியே இருந்தது. அதற்குக் கீழே புதிதாக ஒன்று வந்தது. இருபத்தோராம் நாள். குஞ்சு பொரிக்கும் நாள்.

நாச்சியம்மாள் எழுந்து வாசலில் வந்து நின்றாள்.

“ஏனுங் தம்பி, நான் கதவைச் சாத்திப்போட்டுத்தானுங்க போனேன். உங்க கம்ப்யூட்டர்ல அது தெரியாதுங்களா?”

“தெரியாதுங்கக்கா.”

நம்பிவிட்டாள். அவனுக்கு முகமெல்லாம் எரிந்தது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான். மெஷினுக்குள் ஏதோ சுரண்டியது.

“என்னமோ சத்தங் கேக்குதுங்களே?”

“எலிங்க. நீங்க போங்க.”

அவள் போனாள். அவன் மெஷினிடம் போனான். கைப்பிடி சில்லிட்டது. திறந்தான். ஆள் நுழைகிற அகலம், உள்ளே இருட்டு. போன் வெளிச்சத்தை அடித்தான். தட்டுத் தட்டாக முட்டைகள். ஒவ்வொன்றிலும் ஓட்டை. ஓட்டைக்கு ஒரு அலகு. வெந்து வெளுத்த தலைகள். கண் இல்லை. மூச்சு இல்லை. கத்தவும் இல்லை. முட்டையோட்டை மட்டும் உடைத்துக்கொண்டே இருந்தன.

“கிருபா, கெட்ட முட்டையப் பாக்கக் கோழி டாக்டர் வந்துட்டாரு. எங்கப்பா இருக்கற?” தம்பிதுரையின் குரல். செருப்புச் சத்தம் நெருங்கியது.

பார்த்துவிடுவார்கள். எல்லாம் தெரிந்துவிடும்.

அவன் உள்ளே நுழைந்து கதவை இறுகச் சாத்திக்கொண்டான். பன்னிரண்டாயிரம் தலைகளும் அவன் பக்கம் திரும்பின.