தொட்டியில் வைத்த பெயர்

நவம்பர் மாதத்தில் வின்ஃபென் ஊரில் பிற்பகல் மூன்று மணிக்கே வெளிச்சம் வடிந்துவிடும்.

எஸ்றா பிட்மன் அந்த நேரத்தில்தான் தன் வீட்டு வாயிலுக்கு வந்து சேர்ந்தான். சதுப்பிலிருந்து எழுந்த பனி குதிரையின் வயிறு வரை நின்றது. வீடு, அரசருக்கும் பாராளுமன்றத்துக்கும் நடந்த போரில் அரசர் பக்கம் நின்று தோற்ற ஒருவருடையது. பாராளுமன்றம் அதைப் பறித்து, போரில் குதிரைப்படைக் கேப்டனாக இருந்து பிறகு உறுப்பினராகிவிட்ட எஸ்றாவுக்குக் கொடுத்திருந்தது. இந்த ஊர் வேண்டாம் என்று சொல்ல, வெளியே சொல்லக்கூடிய காரணம் எதுவும் அவனிடம் இல்லை. கோடையிலேயே மனைவி தபித்தாவை அனுப்பிவிட்டு அவன் லண்டனில் தங்கிவிட்டான். அரசரைச் சிறையில் வைத்திருக்கும் நேரம், அவை கூடிக்கொண்டே இருக்கிறது என்று எழுதினான். அது உண்மையும்தான்.

இன்று வராமல் இருக்க முடியவில்லை. தபித்தாவுக்குப் பேறுகாலம்.

முற்றத்துக்குள் நுழையாமல் குதிரை நின்றுவிட்டது. காதுகள் பின்னுக்குப் படிந்தன. போரில் அவனுக்குக் கீழே இருந்த டோபி ஸ்க்ரேஸ்தான் இப்போது லாயக்காரன். அவன் ஓடிவந்து கடிவாளத்தைப் பிடித்தான்.

"வாங்க கேப்டன். எறங்கி நடந்தே வந்துடுங்க. இது உள்ளே வராது."

"ஏன்?"

டோபி தாடையால் காட்டினான். முற்றத்தின் நடுவே ஒரு கல்தொட்டி. எட்டுப் பட்டை. விளிம்பில் தேவதைகளின் முகங்கள் இருந்த இடங்களில் சுத்தியல் தழும்புகள்.

"நான் கொண்டாரலை கேப்டன். நாங்க வரும்போதே இங்கதான் கெடந்துச்சு. கோயில்லேருந்து தூக்கிட்டு வந்து எவனோ குதிரைக்குத் தண்ணி காட்ட வச்சிருக்கான். ஒரு குதிரையும் வாய் வைக்கலை."

"அப்புறம் ஏன் நிரப்பி வைக்கிறாய்?"

"நிரப்பலைன்னா," டோபி குரலைத் தாழ்த்தினான், "பொழுது சாயும்போது அதைக் காலால ஒதைக்குது."

"எது?"

டோபி குதிரையைத் திருப்பிக்கொண்டு போனான்.

எஸ்றாவுக்கு அந்தத் தொட்டியைத் தெரியும். தழும்புகளில் சில அவன் கைவேலை.

நான்கு வருடங்களுக்கு முன் ஒரு மழைநாளில் அவன் படை இந்த ஊர்க் கோயிலில் தங்கியது. குதிரைகளைத் தூண்களில் கட்டினார்கள். சொரூபங்களை உடைத்தார்கள். உடைக்க ஒன்றும் மிச்சமில்லாதபோது சிரிப்பதற்கு ஏதாவது தேவைப்பட்டது. ஞானஸ்நானத் தொட்டியை மூத்திரத்தால் நிரப்பி, எஸ்றாவின் சாம்பல் நிறக் குதிரையை அதன் முன்னால் நிறுத்தினார்கள். டோபி பாதிரியாரின் வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டு பழைய ஜெபப் புத்தகத்தை வாசித்தான். இந்தப் பிள்ளைக்காகச் சாத்தானைத் துறக்கிறாயா? ஞானத்தகப்பன் இடத்தில் நின்ற எஸ்றா, துறக்கிறேன் என்றான். பிள்ளைக்குப் பெயர் சொல்.

யோசியா, என்றான் எஸ்றா.

சிலைகளை உடைத்த வேதாகம அரசனின் பெயர். படை முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அது தபித்தாவின் இறந்துபோன தகப்பனின் பெயரும்கூட. முதல் ஆண்பிள்ளைக்கு அதையே வைப்பதாக நிச்சயத்தன்று அவன் அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தான். அந்த நிமிடம் அது நினைவில் இல்லை. வாயில் முதலில் வந்த பெயர் அதுதான்.

அதற்குப் பிறகு குதிரையை எல்லோரும் அப்படியே கூப்பிட்டார்கள். கூப்பிட்டால் வரும்.

அடுத்த வருடம் நேஸ்பி போர்க்களத்தில் ஓர் ஈட்டி அதன் வயிற்றைக் கிழித்தது. எஸ்றா குதித்து, ஆளில்லாமல் நின்ற இன்னொரு குதிரையில் ஏறிக்கொண்டான். திரும்பிப் பார்த்தபோது அது நடந்து வந்துகொண்டிருந்தது. குடலைப் பின்னால் இழுத்துக்கொண்டு, அவனை நோக்கி. ஒரு குண்டு போதும். அவன் சுடவில்லை.

பிறகு தபித்தாவுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தன. இரண்டும் ஆண். இரண்டும் பெயர் வைப்பதற்கு முன்பே போய்விட்டன.

மாடியில் ஜன்னல்களைக் கம்பளியால் மூடியிருந்தார்கள். தபித்தாவின் முகம் மெழுகாக இருந்தது. மருத்துவச்சி அலிசன் க்ரோம் கட்டில் காலடியில் குந்தியிருந்தாள். ஊர்க்காரி, விதவை. புருஷன் அரசர் படையில் போய்ச் செத்தவன்.

"வாங்க பாராளுமன்றத்தாரே," என்றாள், நிமிர்ந்து பார்க்காமல். "அரசரை அடக்கிட்டு வந்துட்டீங்க. இங்கே ஒரு பிள்ளை அடங்க மாட்டேங்குது."

"எப்படி இருக்கிறாள்?"

"காலையிலேருந்து மல்லுக்கு நிக்கறா. ஆம்பிளைங்க நிக்கற எடமில்லை இது. வெளியே போங்க."

அவன் வாசற்படிக்கு வெளியே நின்றான். கதவு சாத்தப்படவில்லை. நேரம் போனது. கீழே சமையல் அறை அடுப்பில் விறகு வெடிக்கும் ஓசை. பிறகு தபித்தாவின் ஒரே ஒரு கத்தல்.

பிள்ளை அழவில்லை.

"உயிர் இருக்கு," என்றாள் அலிசன் உள்ளிருந்து. "பையன். இருக்குன்னு சொல்லலாம், அவ்வளவுதான்."

அவன் உள்ளே போனான். பிள்ளை கருநீலமாக இருந்தது. வாய் மட்டும் மீன்வாய் போலத் திறந்து மூடியது. அலிசன் அதன் முதுகைத் தேய்த்தாள், பாதத்தைச் சுண்டினாள், மூக்கில் வாய் வைத்து உறிஞ்சித் துப்பினாள்.

"ஐயா, கிண்ணத்துல தண்ணி இருக்கு. ஊத்திடவா?"

"கூடாது."

"பேரில்லாம போயிடும்ங்கய்யா."

"மருத்துவச்சி ஞானஸ்நானம் கொடுக்கக் கூடாது. சட்டம். சபைக்கு முன்னால், போதகர் கையால்தான். ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்."

அந்த ஆணையை ஊர் ஊராகப் போய் வாசித்துக் காட்டியவர்களில் அவனும் ஒருவன். தண்ணீர் யாரையும் காப்பாற்றாது என்று அவன் நம்பினான். தண்ணீருக்குச் சக்தி இல்லையென்றால் அன்று கோயிலில் நடந்ததும் வெறும் சிரிப்புத்தான். அவனுக்கு அந்த நம்பிக்கை தேவைப்பட்டது.

"ஞாயித்துக்கெழமை!" அலிசன் சிரித்தாள். அதில் ஈரமே இல்லை. "அது வெளக்கேத்தற வரைக்கும் தாங்கினா நான் என் குல்லாயைத் தின்னுடறேன். உங்க சட்டத்தை இதுகிட்டே படிச்சுக் காட்டுங்க, கேட்டுக்கும்."

அப்போதுதான் முற்றத்தில் அந்த ஓசை.

குளம்பு.

குளம்பு.

பிறகு ஈரமான எதுவோ கல்மேல் இழுபடும் ஓசை.

எஸ்றா அசையவில்லை. மறுபடியும் குளம்பு, குளம்பு, இழுபடல். தொட்டிக்குப் பக்கத்தில் அது நின்றது. குடிக்கத் தொடங்கியது. நீளமாக உறிஞ்சியது. குடித்த தண்ணீர் எங்கோ ஒழுகி, கல்லில் சளசளவென்று விழுந்தது. அது குடிப்பதும் ஒழுகுவதும் ஒரே அளவில் நடந்தது.

கீழே கதவு அறைந்து சாத்தப்பட்டது. தாழ்க்கட்டை விழுந்தது. டோபி படியேறி ஓடிவந்தான். தொப்பி இல்லை. உதடு வெளுத்திருந்தது.

"கேப்டன்," என்று கிசுகிசுத்தான். "அவனேதான். இத்தனை நாளா சத்தம்தான் கேட்டேன். இன்னிக்கிப் பாத்துட்டேன்."

"எதைப் பார்த்தாய்?"

"நம்ம யோசியாவை."

"வாயை மூடு."

"வயிறு தெறந்திருக்கு கேப்டன். ஆனா நடக்குறான். இந்த ஜன்னலைத்தான் பாத்துக்கிட்டு நிக்குறான்."

"செத்த குதிரை நடக்காது டோபி."

"குதிரை நடக்காது," என்றான் டோபி. "ஞானஸ்நானம் வாங்கினது நடக்குமோ என்னவோ. வாசிச்சது நான். ஒரு வார்த்தை விடாம வாசிச்சேன், தெரியுமா? நல்லா வாசிக்கணும்னு கேலிக்காகவே…"

குடிக்கும் ஓசை நின்றது.

மூவரும் காத்திருந்தார்கள். பிள்ளையின் மூச்சு கட்டிலுக்கு அப்பால் கேட்கவில்லை.

கீழே சமையல் அறைத் தளத்தில் குளம்பு பட்டது.

"கதவைப் போட்டேன்," என்றான் டோபி. "சத்தியமா போட்டேன்."

தாழ்க்கட்டை எடுபடும் ஓசை கேட்கவில்லை. கதவு திறக்கும் ஓசையும் கேட்கவில்லை. குளம்பு மட்டும் உள்ளே இருந்தது. மேசை ஒன்று தள்ளப்பட்டது. ஒரு மண்பாத்திரம் உடைந்தது. பிறகு அந்த வாடை மாடிக்கு வந்தது. நனைந்த குதிரைமயிர், பழைய ரத்தம், வெயிலில் கிடந்த சாணம். அதற்கடியில் மூத்திரம்.

முதல் படி முனகியது.

அலிசன் சிலுவை போட்டாள். போன வருடம் அதற்காக ஒருத்தியைச் சபையின் முன்னால் நிறுத்தினார்கள். எஸ்றா பார்த்தும் தடுக்கவில்லை.

"என்னய்யா அது?"

"கதவைச் சாத்து," என்றான் எஸ்றா டோபியிடம். இருவரும் கதவில் சாய்ந்து நின்றார்கள்.

குளம்பு. குளம்பு. இழுபடல். படி ஒவ்வொன்றையும் அது பொறுமையாக ஏறியது. கூப்பிட்டவன் இருக்கும் இடத்துக்கு வருவது அதற்குப் பழக்கம்.

கதவுக்கு அந்தப் பக்கம் நின்றது.

பலகை இடுக்குகளில் வெதுவெதுப்பான மூச்சு வந்தது. எஸ்றாவின் கழுத்தில் பட்டது. நேஸ்பிக்கு முந்தின காலையில் கூடாரத்துக்கு வெளியே இதே மூச்சு இதே இடத்தில் பட்டிருக்கிறது.

"பிள்ளை நின்னுடுச்சு," என்றாள் அலிசன்.

எஸ்றா திரும்பினான். வாய் திறக்கவில்லை. மூடவும் இல்லை.

"பேர் சொல்லுங்கய்யா!"

கட்டிலில் கண் மூடிக் கிடந்த தபித்தாவின் உதடுகள் அசைந்தன. "யோசி…"

"இல்லை!"

கதவின் அந்தப் பக்கம் கனைப்பு. மிக மெல்ல. பெயர் கேட்ட விலங்கின் சந்தோஷம் அது.

எஸ்றாவுக்கு அப்போது புரிந்தது. அந்தப் பெயர் ஏற்கெனவே கொடுக்கப்பட்டுவிட்டது. இந்தப் பிள்ளைமேல் அதைச் சொன்னால் உடம்புக்குள் வருவது இந்தப் பிள்ளையாக இருக்காது.

"ஊற்றுங்கள்," என்றான்.

"சட்டம்?"

"ஊற்றுங்கள் அம்மா!"

"என்ன பேர்?"

அவன் கண்ணில் பட்டது கதவோடு ஒட்டிக்கொண்டிருந்த டோபியின் முகம்தான். "தோபியாஸ்," என்றான், டோபியின் முழுப்பெயரை.

அலிசன் கிண்ணத்தில் கையை விட்டாள். பிதா. சுதன். பரிசுத்த ஆவி. நீர் நெற்றியில் வழிந்து காதுக்குள் போனது. ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு அந்தச் சின்ன மார்பு குழிந்து எழும்பியது. பிள்ளை வீறிட்டது.

கதவிடுக்கில் மூச்சு நின்றது.

அது இறங்கிப் போகும் ஓசைக்காக எஸ்றா காதைக் கொடுத்தான். அழுகையில் எதுவும் கேட்கவில்லை. அழுகை அடங்கியபோது வீடு அமைதியாக இருந்தது. வாடையும் இல்லை.

டோபி தரையில் உட்கார்ந்துவிட்டான். கொஞ்ச நேரம் கழித்து, "என் பேரா கேப்டன்?" என்றான். "பாவம் பிள்ளை. எங்கம்மாவே என்னைப் பன்னின்னுதான் கூப்பிடுவா."

அலிசன் சத்தமாகச் சிரித்தாள். எஸ்றாவும் சிரித்தான்.

டோபி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான். "ஒண்ணுமில்லை. படியெல்லாம் ஈரம், அவ்வளவுதான்." அவன் விளக்கை எடுத்துக்கொண்டு கீழே போனான். அலிசன் கஞ்சி காய்ச்ச அவன் பின்னால் போனாள். போகும்போது, "யார்கிட்டேயும் சொல்ல மாட்டேன் பாராளுமன்றத்தாரே," என்றாள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

தபித்தா கண் திறந்தாள். பிள்ளையை அவள் மார்பில் வைத்தான். அவள் அதன் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டாள்.

"இருக்கான்," என்றாள். "இவன் இருக்கான், இல்லையா?"

"இருக்கிறான். தோபியாஸ்."

"யாரு?"

"பெயர் வைத்தாயிற்று. தோபியாஸ்."

அவள் சிரித்தாள். சோர்வில் அவன் ஏதோ உளறுகிறான் என்று நினைத்திருக்க வேண்டும். "லாயக்காரன் பேரா? எங்கப்பா பேருங்க இவனுக்கு. நிச்சயத்தன்னிக்கு சொன்னீங்க. போன ரெண்டு பேருக்கும் அதை மனசுக்குள்ளேயே வச்சுக் கூப்பிட்டேன். வாய்விட்டுக் கூப்பிட ஒண்ணு தங்கலை."

"அந்தப் பெயர் வேண்டாம் தபித்தா."

"ஏன்?"

அவன் சொல்ல வேண்டியது மிகச் சிறிய வாக்கியம். அவன் அவையில் எழுந்து பேசியிருக்கிறான். அரசரை விசாரிக்க வேண்டும் என்று எல்லோர் முகத்தையும் பார்த்துச் சொல்லியிருக்கிறான். இப்போது குனிந்து போர்வையைச் சரிசெய்தான்.

அவள் காத்திருந்தாள். பிறகு அவனை விட்டுவிட்டுப் பிள்ளையின் மேல் குனிந்தாள்.

"யோசியா," என்றாள் ஆசையாக.

பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது.

"யோசியா. வா, அம்மாகிட்டே வா."

அவனுக்குப் பின்னால் கதவுக் கொக்கி மெல்ல உயர்ந்தது. கழுத்தில் வெதுவெதுப்பு.

அவன் திரும்பவில்லை. தபித்தாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் பார்வை அவன் தோளுக்கு மேலே போய், அங்கிருந்து மெல்லக் கீழே இறங்கி, தரையில் நின்றது.

பிள்ளையை இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

"என்னங்க," என்றாள், மூச்சுக்கும் பேச்சுக்கும் நடுவே. "அந்தப் பேரை யாருக்குக் குடுத்தீங்க?"