உறவின்மைச் சான்றிதழ்

கலிஸ்டோவில் கல்யாணம் செய்துகொள்ள விரும்புகிறவர்கள், தாங்கள் ஒருவருக்கொருவர் எந்த வகையிலும் சொந்தமில்லை என்று நிரூபிக்க வேண்டும். வியாழனைச் சுற்றிவரும் அந்தப் பனி நிலவில், தரைக்கு அடியில், நாலாயிரத்து முந்நூறு பேர் வசித்தார்கள். பெரும்பாலும் எல்லாரும் இரண்டே கப்பல்களில் வந்திறங்கியவர்களின் வம்சம். யாரைக் கேட்டாலும் சித்தப்பாவின் பேத்தியாகவோ பெரியம்மாவின் பேரனாகவோ இருந்துவிடுகிற ஊர். ரத்தத்தைச் சோதித்து உண்மை அறியவும் வழியில்லை. வியாழனின் கதிர்வீச்சைத் தாங்குவதற்காக ஒவ்வொரு குழந்தைக்கும் பிறந்த அன்றே மரபணுத் திருத்தம் செய்துவிடுவார்கள். அதன் பிறகு சோதித்தால் ஊரே உடன்பிறந்தவர்களாகத் தெரியும். ஆகவே நான்கு தலைமுறைப் பதிவுகள்தான் சாட்சி. அவற்றைப் பார்த்து உறவாய்வுப் பொறி ‘உறவின்மைச் சான்றிதழ்’ தந்தால் மாலை மாற்றலாம்.

லோசனியும் பரிதியும் அதற்காகத்தான் வந்திருந்தார்கள். அவள் பனிச்சுரங்கத்தில் துளைப்பான் ஓட்டுகிறவள். அவன் பாசிப் பண்ணையில் வேலை பார்க்கிறவன். பரிதியின் தாய்மாமன் மாசிலாமணியும் கூட வந்திருந்தார். இப்படிப்பட்ட இடங்களுக்கு அவர் இல்லாமல் யாரும் போக முடியாது.

“மணமகள் பக்கம் ஒரு கட்டம் காலியாக இருக்கிறது” என்றது பொறி. “உங்கள் தந்தை கனிமீட் நிலவிலிருந்து வந்தவர். அதில் சிக்கலில்லை. உங்கள் தாயின் தாய் நல்லம்மை, மூன்று மாதக் குழந்தையாக இரண்டாம் கப்பலில் ஏறியவர். உடன் வந்தவர் தாய் பொன்னுத்தாய். நல்லம்மையின் தந்தை பெயர் பதிவில் இல்லை.”

“இல்லாட்டி என்ன?” என்றான் பரிதி.

“அதே கப்பலில் உங்கள் கொள்ளுத்தாத்தா ஏகாம்பரம் பழுதுபார்ப்பவராக வந்தார். பயணம் முழுக்க அந்தக் குழந்தையை அவர்தான் தூக்கி வைத்திருந்ததாகக் கப்பல் நாட்குறிப்பு சொல்கிறது. அவரே தந்தையாக இருக்கலாம்.”

மாசிலாமணி தொண்டையைச் செருமினார். “எங்க வீட்லயும் அப்படி ஒரு பேச்சு உண்டு” என்றார்.

லோசனி பன்னிரண்டு வயதில் பனிச்சரிவில் தாயையும் தந்தையையும் இழந்து, ஊர்ப் பொதுவிடுதியில் வளர்ந்தவள். எல்லாரும் எல்லாருக்கும் சொந்தமான அந்த ஊரில் சொந்தம் என்று யாரும் இல்லாத ஒரே ஆள். அவளுக்கென்று கிடைத்த ஒருவனையும் இப்போது அண்ணன் முறை என்று சொல்லிவிடுவார்களோ?

“பூமியில கேளுங்க” என்றாள். “பொன்னுத்தாய் எந்த ஊர்னு பாத்து அங்க கேளுங்க.”

ஊர் தூத்துக்குடி. மறுநாள் அங்கிருந்து இரண்டு ஆவணங்கள் வந்தன. ஒன்று, பொன்னுத்தாய்க்கும் செல்லையா என்பவருக்கும் நடந்த கல்யாணப் பதிவு. மற்றது மணவிலக்குப் பதிவு. அதன் தேதி, கப்பல் கிளம்பியதற்கு முந்தைய நாள்.

பொறி தேதிகளை ஒப்பிட்டது. “கணவரைப் பிரிந்த மறுநாளே ஏகாம்பரம் இருக்கும் கப்பலில் ஏறியிருக்கிறார். சந்தேகம் கூடுகிறது.”

“நீ கொஞ்சம் சும்மா இரு” என்றான் பரிதி.

லோசனிக்கு அந்தத் தேதி உறுத்தியது. வேண்டாத புருஷனை விட்டு விண்வெளிக்குப் போகிறவள் எதற்கு முந்தின நாள் ஓடிப்போய் விலக்குப் பத்திரம் எழுத வேண்டும்? “செல்லையா பேர்ல வேற ஏதாவது இருக்கா தேடுங்க. எதுவா இருந்தாலும் சரி” என்றாள்.

நான்கு நாள் கழித்து, பூமியின் அஞ்சல் கிடங்கிலிருந்து, சேராத மடல்கள் நூற்றெட்டு வந்து விழுந்தன. எல்லாம் செல்லையா கலிஸ்டோவுக்குப் பேசி அனுப்பிய குரல் மடல்கள். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரே குறிப்பு: ‘அனுப்புநர் தம்மைப் பெறுநரின் கணவர் என்கிறார். பெறுநருக்குக் கணவர் இல்லை. கிடங்கில் வைக்கப்படுகிறது.’

முதல் மடலைத் திறந்தார்கள். இளமையான குரல், வேண்டுமென்றே தெம்பாகப் பேசியது.

“பொன்னு, அழுதுக்கிட்டே இருக்காத. என் நெஞ்சுல ஓட்டைன்னு டாக்டர் கடைசி நேரத்துல சொன்னதுக்கு நீ என்ன செய்வ? புருஷனை விட்டுட்டு வாறவளை ஏத்த மாட்டோம்னாங்க. அதான் பிரிஞ்சதா எழுதச் சொன்னேன். பேனாவை உன் கையில திணிச்சதே நான்தான? பிள்ளையையும் ஏத்தணுமேன்னு அவ பதிவுல எம்பேரை எடுக்கச் சொன்னதும் நான்தான். ஏகாம்பரம் அண்ணன்கிட்ட என் மவளைத் தரையில விடாதீயன்னு சொல்லியிருக்கேன். சத்தியம் பண்ணிருக்காரு. நான் அடுத்த கப்பல்ல வந்திருதேன்.”

அடுத்த கப்பல் என்று ஒன்று போகவே இல்லை. ஒன்பது வருஷம் மாதம் தவறாமல் பேசியிருந்தார். நூற்றேழாவது மடலில் குரல் தாழ்ந்திருந்தது. “ஒரு பதிலும் காணோம். நீ நல்லா இருக்கன்னே நெனைச்சுக்கிடுதேன். போன மாசம் எனக்குக் கல்யாணம் ஆச்சு. உன்கிட்ட சொல்லாம இருக்க முடியல.” கடைசி மடல், அதற்கும் நான்கு வருஷம் கழித்து: “மவ பொறந்திருக்கா. இவளுக்கும் நல்லம்மைன்னுதான் பேரு. ரெண்டு பேரும் என்னைக்காவது பாத்துக்கிட்டா, கூப்பிட்டதும் ரெண்டு பேரும் சேந்து திரும்பட்டும்.”

மாசிலாமணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். லோசனி அழுதாள். பரிதி அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

“கட்டம் நிரம்பிவிட்டது” என்றது பொறி. “நீங்கள் இருவரும் சொந்தமில்லை. மனமார்ந்த வாழ்த்துகள்.”

சான்றிதழ் கையில் வந்த பிறகும் லோசனி நகரவில்லை. “அந்த ரெண்டாவது நல்லம்மைக்குப் பிள்ளைங்க இருக்காங்களா?”

“அது சான்றிதழுக்குத் தேவையில்லாத தகவல்.”

“எனக்குத் தேவை.”

ஒரே மகன், பால்வண்ணன். வயது ஐம்பத்தெட்டு. மனைவி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், அவர்கள் சம்பந்தி வீடுகள் என்று அந்தப் பக்கம் மொத்தம் அறுபத்து மூன்று பேர். பொறி சொல்லச் சொல்ல லோசனி ஒவ்வொரு பெயரையும் இரண்டு முறை உச்சரித்துப் பார்த்தாள். தாய்க்குச் சித்தி மகன் என்றால் அவளுக்குத் தாய்மாமன். அன்றே நூற்றெட்டு மடல்களையும் அடியில் ஒரு வரி சேர்த்த தன் கல்யாணப் பத்திரிகையையும் அவருக்கு அனுப்பினாள்.

இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் திரையில் ஒரு கூடம் நிறைய ஆட்கள் தெரிந்தார்கள். பாதிப் பேர் அழுதுகொண்டிருந்தார்கள். நடுவில் பால்வண்ணன்.

“ஏளா லோசனி, பத்திரிகையில உன் மொகத்தைப் பாத்ததும் எங்க அம்மையே எந்திரிச்சு வந்து நிக்க மாதிரி இருந்துச்சு. தாத்தா குரலை ரெண்டு நாளா உக்காந்து கேட்டோம். ஒருத்தரும் சரியா சாப்பிடல.” துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்து முடித்தபோது முகம் மாறியிருந்தது. “ஆனா ஒண்ணு. கல்யாணத்துக்கு நாங்க ஒருத்தரும் வாறதா இல்ல. தாய்மாமன்னு குத்துக்கல்லாட்டம் நான் இருக்கேன். பத்திரிகையில அடியில ‘மற்றும் பூமி உறவினர்கள்’னு போட்டிருக்க. அதென்ன மற்றும்?”

பூமியிலிருந்து கலிஸ்டோ வந்து சேர நான்கு வருஷம் ஆகும். கல்யாணத்துக்கு இருந்தது ஆறு நாள்.

பரிதி பயந்துபோய் அவளைப் பார்த்தான். லோசனி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணீர் வேறு வந்தது.

“எங்கிட்ட இது வரைக்கும் யாரும் கோவிச்சுக்கிட்டதே இல்ல, பரிதி” என்றாள். “கோவிச்சுக்க யாரு இருந்தா?”

உடனே பத்திரிகையை மாற்றி அடித்தாள். முதல் வரியிலேயே, பெரிய எழுத்தில், தாய்மாமன் பால்வண்ணன், தூத்துக்குடி.

புதுப் பத்திரிகையை மாசிலாமணி வாங்கி, கண்ணாடியை மூக்கில் ஏற்றி நிதானமாகப் படித்தார். மடித்து மேசைமேல் வைத்தார்.

“நல்லா இருக்கும்மா. வரவே முடியாதவர் பேரு மேல, கூடவே அலைஞ்சவன் பேரு கீழ. அவர்கிட்ட நானே ஒரு வார்த்தை பேசிக்கிறேன்.”

கலிஸ்டோவிலிருந்து ஒரு சொல் பூமிக்குப் போய் மறுசொல் திரும்பி வர ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். இரண்டு தாய்மாமன்களும் பேசித் தீர்ப்பதற்குள் கல்யாணம் மூன்று நாள் தள்ளிப்போனது.