பூட்டில்லாத இல்லத்தில் ஒரு சாவி

மீரா முகைதீன் போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, கோலா சிலாங்கூர் பஸ் நிலையத்துக்கு எதிரே சாப்பாட்டுக் கடை போட்டு உட்கார்ந்த பிறகும் வம்பு வழக்குகள் அவரை விட்டபாடில்லை. துப்பறியும் பிரிவில் இருந்தவர் என்று ஊருக்கே தெரியும். ரொட்டி சானாய் சாப்பிட வருகிறவர்களில் பாதிப் பேர் கூடவே ஒரு சந்தேகத்தையும் கேட்டுவிட்டுப் போவார்கள். அவருக்கு அதில் சலிப்புத்தான். கடை வாசலில் டாக்சி நிறுத்தும் சேதுவுக்குத்தான் கொண்டாட்டம்.

சேதுவுக்கு நாற்பது வயது தாண்டியும் துப்பறியும் ஆசை மட்டும் தணியவில்லை. எங்கே எது காணாமல் போனாலும், அது கொலையில் முடியும் என்று அவன் மனம் அடித்துச் சொல்லும். இதுவரை முடிந்ததில்லை. அன்று காலை ரவாங் பஸ்ஸிலிருந்து இறங்கி அவன் டாக்சியில் ஏற வந்த தாயும் மகளும் பேசிக்கொண்டது காதில் விழுந்ததும், பெட்டியைக்கூடத் தூக்கி வைக்காமல் இருவரையும் கடைக்குள் அழைத்து வந்துவிட்டான்.

"நானா, கேஸ் வந்திருக்கு!" அண்ணன் முறை வைத்து அவரை நானா என்றுதான் கூப்பிடுவான்.

"தேத்தண்ணி குடிக்க விடுடா அவங்கள," என்றார் மீரா முகைதீன்.

மகள் பெயர் புஷ்பவள்ளி. ரவாங்கில் எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் வேலை. தாய் நல்லம்மாள், ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவி ஓய்ந்தவர். பகலில் வீட்டில் தனியாக இருந்தபோது குளியலறையில் இரண்டு முறை விழுந்துவிட்டார். அசாம் ஜாவாவில் புதிதாகத் திறந்திருக்கும் மாலை நிழல் முதியோர் இல்லத்தில் அவரைச் சேர்க்க இன்று பெட்டியோடு புறப்பட்டிருக்கிறார்கள்.

"போன வாரம் போயிப் பாத்தேன். எல்லாம் பளிச்சுன்னு இருக்கு. பெரியவங்க சிரிச்சுப் பேசிக்கிட்டு, தாயம் வெளையாடிக்கிட்டு இருந்தாங்க. ஒரே ஒரு விஷயந்தான் நெஞ்சுல உறுத்துது. எங்க தோட்டத்து வேலம்மாக்கா அங்க இருக்காங்கன்னுதான் இந்த இடத்தையே பாத்தேன். போனா, அவங்க இல்ல. சபாக்குல மவன் வீட்டுக்குப் போயிட்டாங்களாம். மவனே வந்து, துணிமணி சாமான் ஒண்ணு விடாம எடுத்துக்கிட்டு, கூட்டிட்டுப் போனாராம்."

"பெத்த மவன் கூட்டிட்டுப் போனா நல்லதுதானே?"

"அந்த மவன்தான் ரெண்டு மாசம் முந்தி அவங்கள அங்க கொண்டாந்து விட்டது."

மீரா முகைதீன் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டார். "இன்னைக்கு வர்றீங்கன்னு அங்க சொல்லிட்டீங்களா?"

"நேத்தே சொல்லிட்டேன். எப்ப வேணும்னாலும் வரலாம், முந்தின நாள் ஒரு போன் மட்டும் பண்ணிடுங்கன்னு சொல்லியிருக்காங்க."

அவர் நல்லம்மாள் பக்கம் திரும்பினார். "அம்மாவுக்குப் போக இஷ்டமா?"

"நாந்தான் போறேன்னு சொன்னேன்," என்றார் நல்லம்மாள். "இவ மிஷின் முன்னால நின்னுகிட்டே, ஆத்தா விழுந்து கெடப்பாளோன்னு நெனச்சுக்கிட்டு இருக்கா. என்னால இவ கையை அதுல விட்டுட்டா?"

மீரா முகைதீன் கடையை மகனிடம் விட்டுவிட்டு எழுந்தார்.

டாக்சிக்கு அருகில் வந்ததும் சேது தன் சட்டத்தைக் காட்டினான். இருக்கைகளுக்கு வெள்ளை உறை போட்டு வைத்திருப்பவன் அவன். முன்கண்ணாடியில் 'வெற்றிலை போட்டுக்கொண்டு ஏறாதீர்கள்' என்று அட்டை ஒட்டியிருந்தது. "வாயக் கொப்புளிச்சிட்டு ஏறுங்கம்மா. கறை பட்டா போகாது லா." நல்லம்மாள் மறுபேச்சில்லாமல் கொப்பளித்தார்.

மாலை நிழல் இல்லம், பழைய துரை பங்களா ஒன்றில் இருந்தது. இரண்டு நாள் மழையில் அசாம் ஜாவா சாலை கறுப்புக் களியாகக் கிடந்தது. இறங்கி நாலு அடி வைப்பதற்குள் சேதுவின் செருப்பு கனத்துவிட்டது. திட்டிக்கொண்டே படிக்கட்டில் கழற்றினான். அங்கே ஏற்கெனவே கல்யாண வீட்டு வாசல் மாதிரி செருப்புகள் தாறுமாறாகக் கிடந்தன. அவற்றில் ஒட்டியிருந்ததெல்லாம் ஈரம் காயாத செம்மண். நடுவே அவன் செருப்பு மட்டும் கரியில் முக்கியதுபோல் இருந்தது.

பொறுப்பாளர் வாசு, வெள்ளைச் சட்டையும் சிரித்த முகமுமாக வரவேற்றார். முன்பு தோட்டத்து மருந்தகத்தில் மருந்து கட்டும் டிரசராக இருந்தவர். மீரா முகைதீனைத் தாய்மாமன் முறை என்று சொல்லி அறிமுகப்படுத்தினாள் புஷ்பவள்ளி. ஒரு முகைதீன் எப்படி நல்லம்மாளின் தம்பியானார் என்று வாசு கேட்கவில்லை. வந்தவர்களிடம் எதையும் கேட்காமலிருப்பது அவருக்குப் பழக்கமாகிவிட்டது போலும்.

"இங்க எந்தக் கதவுக்கும் பூட்டு கெடையாதுங்க," என்றார் வாசு பெருமையாக. "பெட்டிக்கும் கெடையாது. பெட்டியே வேணாம்னு அலமாரி குடுத்திருக்கோம். பயமில்லாம இருக்கணும், அதான் நம்ம கொள்கை."

கூடத்தில் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். நால்வர் தாயம் உருட்டினார்கள். சேது மூலைக்கு மூலை கண்ணை ஓட்டினான். ஒன்றும் அகப்படவில்லை. மீரா முகைதீன், அங்கம்மாள் என்ற கிழவியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அங்கம்மாள் முந்தானை நுனியில் ஒரு சாவியை முடிந்திருந்தார். நீளமான, பழைய இரும்புச் சாவி.

"இங்க வந்து எத்தன நாளாச்சு ஆத்தா?"

அங்கம்மாள் வாசுவைப் பார்த்தார். "ஆச்சு தம்பி," என்றார்.

"கை கழுவணுமே. குழாய் எந்தப் பக்கம்?"

"உள்ள கேளுங்க தம்பி."

படுக்கை அறையில் எட்டுக் கட்டில்கள், சுருக்கம் இல்லாத விரிப்புகள். கட்டிலுக்கு அடியில் ஒரு தூசிகூட இல்லை. காற்றில் சன்னல் கதவு அடித்துக்கொள்ளாமலிருக்க, ஓர் இரும்புச் சாமானை முட்டுக்கொடுத்திருந்தார்கள். நல்லம்மாள் அதன் அருகே நெடுநேரம் நின்றார். திரும்பி வந்தபோது வயிற்றைச் சேலையோடு சேர்த்துப் பிடித்திருந்தார். பாவம், பஸ் பயணம் ஒத்துக்கொள்ளவில்லை போல என்று சேது நினைத்தான்.

சமையலறையில் பெரிய சட்டியில் கோழிக் குழம்பு கமகமத்தது. பக்கத்து அடுப்பில் ஒரு பானை நிறையத் தண்ணீர்க் கஞ்சி.

"கஞ்சி யாருக்கு?" என்றார் மீரா முகைதீன்.

"நாய்ங்களுக்கு," என்றார் வாசு.

பின்வாசல் படியில் ஒரு பூனை தன் குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டு கால் நீட்டிப் படுத்திருந்தது.

சேது அதற்குமேல் நிற்கவில்லை. பின்பக்கம் ஓடி, தென்னை மரத்தடியில் புதிதாகக் கொத்திய பாத்தி ஒன்றைக் கண்டான். ஆள் நீளம் இருந்தது. திரும்பி ஓடிவந்து மீரா முகைதீனை ஓரமாக இழுத்தான்.

"நானா, பொதைச்சிருக்கானுங்க! நான் கண்ணால பாத்தேன்."

"மரவள்ளி நட்டிருக்காங்க. குச்சி நிக்கிறது தெரியலையா?" என்றார் அவர். "பின்னால வேற என்ன இருக்கு?"

சேது வாடிப்போனான். "ஒரு வேன் நிக்கிது. அப்புறம் சாமான் ரூம். வெளிய தாழ்ப்பாள், பூட்டு."

"வேன் சக்கரத்துல என்ன மண்ணு?"

சேது யோசித்தான். "செம்மண்ணு."

"வா, உள்ள போவோம். வாசக்கதவுகிட்ட நீ நின்னுக்க."

கூடத்தில் எல்லோரும் இருந்தார்கள். வாசு பத்திரத்தையும் பேனாவையும் மேசையில் எடுத்து வைத்திருந்தார். புஷ்பவள்ளி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். மீரா முகைதீன் குரலை உயர்த்தவே இல்லை.

"கையெழுத்துக்கு முன்னால ஒரு சின்ன விஷயம், மிஸ்டர் வாசு. பூட்டே இல்லாத எடத்துல இந்த ஆத்தா எதுக்குச் சாவி வச்சிருக்காங்க?"

"பெட்டிச் சாவியா இருக்கும்."

"பெட்டி கெடையாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. கட்டிலுக்கு அடியிலயும் பாத்தேன், இல்ல. பெட்டிச் சாவி விரல் நீளம்கூட இருக்காது. இது தோட்டத்து லயத்து வீட்டுச் சாவி. எங்க வாப்பா தோட்டத்துல கடை வச்சிருந்தாங்க, சின்ன வயசுல எவ்வளவோ பாத்திருக்கேன். வீட்ட விட்டுட்டு இங்கயே வந்துட்டவங்க அத ஏன் முடிஞ்சு வச்சிருக்கணும்?"

வாசு சிரிப்பை மாற்றவில்லை. "வயசானவங்க. பழைய நெனப்பு."

"இருக்கலாம். ஆனா செருப்புக்கு நெனப்பு கெடையாதே. இந்த ஊரு மண்ணு கறுப்புக் களி. சேதுவக் கேளுங்க, அழுவான். வாசல்ல கெடக்கிற செருப்பெல்லாம் செம்மண்ணு, ஈரங்கூடக் காயல. உள்ள தோட்டத்துப் பக்கந்தான் செம்மண்ணு. ஒங்க வேன்லயும் அதே மண்ணு. இங்கயே இருக்கறவங்க காலையில அத எங்க மிதிச்சாங்க? தன் வீட்டுல இருக்கறவ, வந்தவனுக்குக் குழாயக் காட்டுவா, தண்ணி குடிக்கிறியான்னு கேப்பா. இந்த ஆத்தா ஒங்க மூஞ்சியப் பாத்தாங்க. விருந்துக்கு வந்தவங்கதான் அப்படிப் பாப்பாங்க."

பிறகு அவர் அங்கம்மாளிடம் குனிந்தார். "ஆத்தா, யாரும் ஒங்கள ஒண்ணும் செய்ய மாட்டாங்க. அந்தச் சாவி எதுக்கு?"

"வீட்டுக்குத்தான் தம்பி," என்றார் அங்கம்மாள் வெள்ளந்தியாக. "கோழிய அடைச்சிட்டு வந்தேன். பொழுதுக்குள்ள கொண்டுபோயி விட்டுருவாங்க. கோழிக்கறி போட்டு, தாயம் வெளையாடச் சொல்றாரு. பகல்ல லயத்துல பேச நாதியில்ல. அதான் வேன் வந்தா ஏறிக்கிறோம். தப்பா தம்பி?"

"ஒங்க மேல தப்பே இல்ல."

புஷ்பவள்ளி எழுந்துவிட்டாள். "அப்ப, இங்க உள்ளவங்க எங்க? வேலம்மாக்கா எங்க?"

"சபாக்குக்குத்தான் போயிட்டாங்கன்னு சொன்னேனே!" வாசுவின் குரல் இப்போதுதான் முதல்முறையாக ஏறியது. "எல்லாச் சாமானையும் எடுத்துக்கிட்டு..."

"எல்லாத்தையும் எடுக்கல," என்றார் நல்லம்மாள்.

சேலைக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்தார். உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு இரும்பு உரல், விளிம்பில் ஒரு சில்லு உடைந்திருந்தது. சன்னலுக்கு முட்டுக்கொடுத்திருந்த சாமான் அதுதான். சேது தன் தலையில் தானே குட்டிக்கொள்ளலாமா என்று பார்த்தான்.

"இது வேலம்மாவோட வெத்தல உரலு. அவளுக்கு ஒரு பல்லு கெடையாது. இதுல இடிச்சாத்தான் வெத்தல. அடுத்தடுத்த நிரையில மரம் சீவுனோம், நாப்பது வருசம். காட்டுக்கு வந்தாலும் இடுப்புல இருக்கும், கோயிலுக்கு வந்தாலும் இருக்கும். சோத்த மறந்துட்டுப் போவா, இத மறக்க மாட்டா. அவ எங்கயும் போகல. இங்கதான் இருக்கா."

"கஞ்சி ஆறிப்போச்சு, மிஸ்டர் வாசு," என்றார் மீரா முகைதீன். "பூனை குட்டியோட பயமில்லாம படியில படுத்திருக்கு. நாயில்லாத வீட்டுல அது யாருக்குன்னு பாத்துருவோம். சாமான் ரூம் சாவியக் குடுங்க."

வாசு கதவைப் பார்த்தார். கதவில் சேது நின்றான். வாழ்க்கையில் முதல்முறையாகத் தான் ஒரு கதவை அடைத்து நிற்பதில் அர்த்தம் இருப்பதை உணர்ந்து, நெஞ்சை நிமிர்த்தி நின்றான்.

வேறு வழியின்றி வாசு கொடுத்த சாவியால் பூட்டைத் திறந்ததும் வந்த நாற்றத்தில் அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பாயில் ஆறு பேர் கிடந்தார்கள். பகல் வெளிச்சம் முகத்தில் விழுந்தும் இரண்டு பேர்தான் கண் திறந்தார்கள். அலமாரியில் தூக்க மாத்திரை டப்பா இருந்தது. சேதுவுக்கு அழுகை வந்தது. கொலை கொலை என்று தேடித் திரிந்தவனுக்கு, உயிரோடு இப்படிக் கிடப்பதைப் பார்க்கத் தாங்கவில்லை.

"நான் என்ன செய்ய?" என்று பின்னாலிருந்து வாசு சொல்லிக்கொண்டிருந்தார். "ஆளு கெடைக்கல. எழுந்து நடந்தா விழுவாங்க. விழுந்தா என்னத்தான் கேப்பாங்க. தூங்குனா ஒரு வம்பும் இல்ல. கொண்டாந்து விட்ட புள்ளைங்க ஒருத்தராவது திரும்பி வந்து பாத்தாங்களா?"

மீரா முகைதீன் கூடத்துக்குப் போய், வருகிறவர்கள் முந்தின நாள் கூப்பிட வேண்டிய அதே தொலைபேசியில் போலீசையும் ஆம்புலன்சையும் கூப்பிட்டார்.

நல்லம்மாள் பாயருகே உட்கார்ந்து ஒரு கிழவியின் கன்னத்தைத் தட்டினார். "அடியே வேலம்மா. நாந்தான்டி."

வேலம்மாள் பாதிக் கண் திறந்து பார்த்தார். "ஒன்னையும் கொண்டாந்து விட்டுட்டாங்களா?" என்றார்.

புஷ்பவள்ளி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

அடுத்த வாரம் வேலம்மாளை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பினார்கள். சபாக்கில் இருக்கும் மகனுக்குப் போன் செய்தால், சாயங்காலம் வருகிறேன் என்றான். எந்தச் சாயங்காலம் என்று சொல்லவில்லை.

"எங்க கூடவே வரட்டும்," என்றார் நல்லம்மாள். "இவ வேலைக்குப் போனா நாங்க ரெண்டு பேரு இருக்கோம். ஒருத்தி குளிக்கப் போனா ஒருத்தி வாசல்ல ஒக்காந்திருப்போம். ஆத்தா விழுந்துட்டாளான்னு இவ நெனச்சுக்கிட்டு நிக்க வேணாம்."

புஷ்பவள்ளி வேலம்மாளின் துணிப்பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள்.

ரவாங் வரைக்கும் சேதுதான் கொண்டுபோனான். முன்னால் மீரா முகைதீன், பின்னால் மூன்று பெண்கள். பாத்தாங் பெர்ஜுந்தை தாண்டும்போது பின்னாலிருந்து டொக் டொக் என்று சத்தம் வந்தது. சேது கண்ணாடியில் பார்த்தான். வேலம்மாள் மடியில் உரலை வைத்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். வண்டி குலுங்கியதில் சிவப்புச் சாறு வெள்ளை உறையில் தெறித்தது.

மீரா முகைதீன் ஓரக்கண்ணால் சேதுவைப் பார்த்தார். சேது ஒரு கையால் முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த அட்டையைப் பிய்த்து, மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"நல்லா இடிங்க ஆத்தா," என்றான். "ரவாங் இன்னும் தூரம் கெடக்கு."