கரை சேர்ந்த நேரம்

தொட்டியில் தண்ணீர் ஆடாமல் அசையாமல் நின்றது. காதுக்குழாயில் மட்டும் யாரோ தட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஐந்து தட்டு. கொஞ்சம் இடைவெளி. மறுபடி ஐந்து.

அனந்தகிருஷ்ணன் குழாயைக் கழற்றி, ஊதித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். கல்லூரியில் பௌதிகம் சொல்லிக்கொடுக்கிற மனுஷர். பேய் என்றால் சிரிக்கிற ஜாதி. யுத்தம் மூன்று வருஷமாக நடந்துகொண்டிருந்தது. ஜெர்மன் நீர்மூழ்கிகளின் சத்தத்தைத் தண்ணீருக்குள்ளேயே பிடிக்க, கடற்படைக்காக ஒரு கருவியை எட்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு செய்திருந்தார். நாளைக் காலை கிடர்பூர் துறைமுகத்தில் அதை ஒப்படைக்க வேண்டும். அதன் இரும்புக் கூட்டில் நீர் கசிகிறதா என்று பார்க்கத்தான் பவானிபூர் வீட்டு முற்றத்துச் சௌபாச்சாவில், அந்தச் செங்கல் தொட்டியில், இறக்கி, கம்பியை ஜன்னல் வழியாக மேஜைக்கு இழுத்திருந்தார். அந்தத் தொட்டிக்கு வருவது சுத்திகரிக்காத கங்கைத் தண்ணீர். ஆற்றிலிருந்து குழாயில் நேரே வந்து, சேற்று வாடையோடு தொட்டியில் விழும். இன்று குழாய் மூடியிருந்தது. மத்தியானம் மூன்று மணிக்கே வானம் கறுத்து, சுவர்களெல்லாம் நசநசவென்று வியர்த்திருந்தன.

ஐந்தைந்தாகத் தட்டுவது யாருடைய வழக்கம் என்பது அவருக்குத் தெரியும்.

மைத்துனன் லக்ஷ்மிநாராயணன், வீட்டில் நாணு, மனைவி காமுவின் ஒரே தம்பி. சோதனை நாட்களில் படகைத் தானே வலித்துக்கொண்டு நடு ஆற்றுக்குப் போய், அடிப்பலகையில் சுத்தியலால் தட்டுவான். இவர் துறைக் கொட்டகையில் உட்கார்ந்து கேட்டு, ஒவ்வொரு ஐந்துக்கும் நோட்டில் ஒரு கோடு போடுவார். போதும் என்றால் தண்ணீரில் நட்ட இரும்புக் கம்பத்தில் இவர் ஒரே ஒரு அடி அடிப்பார். அந்த அடி கேட்டால்தான் அவன் நிறுத்துவான். கரைக்கு வந்து, ஈரக் கையோடு, நோட்டின் கடைசிக் கட்டத்தில் 'கரை சேர்ந்த நேரம்' என்ற தலைப்பின் கீழ் மணியை எழுதுவான்.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு நாள் மழை கொட்டி ஆறே கண்ணுக்குத் தெரியவில்லை. தட்டல் மட்டும் என்றைக்கும் இல்லாத துல்லியத்தோடு வந்தது. அனந்தகிருஷ்ணனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நாற்பது நிமிஷம் கோடு போட்டார். கடைசியில் தட்டல் தாறுமாறாகி, மெலிந்து, நின்றது. பக்கத்தின் அடியில் 'மிகத் தெளிவு' என்று எழுதினார். கடற்படைக்குக் காட்டப்போகும் அத்தாட்சியே அந்தப் பக்கம்தான்.

படகு ஆரம்பத்திலேயே கவிழ்ந்திருந்தது. காலில் நங்கூரக் கயிறு சுற்றி, கவிழ்ந்த பலகைக்குக் கீழே அடைபட்ட துளிக் காற்றில் முகத்தை வைத்துக்கொண்டு, கழுத்தளவு தண்ணீருக்குள்ளிருந்து அவன் தட்டியிருக்கிறான். அதனால்தான் அந்தத் தெளிவு. மறுநாள் படகை நிமிர்த்தியபோது சுத்தியல் இல்லை. அவன் விரல் முட்டிகளில் தோலும் இல்லை. "உடனே போயிட்டான், கஷ்டப்படலை" என்று காமுவிடம் சொன்னார். அவள் அதைப் பிடித்துக்கொண்டுதான் நடமாடிக்கொண்டிருந்தாள்.

காதுக்குழாயை மேஜையில் வைத்தார். தட்டல் நிற்கவில்லை, இப்போது முற்றத்திலிருந்தே கேட்டது.

"ஏன்னா, முத்தத்துல என்ன சத்தம்?"

காபி டம்ளரோடு காமு வாசற்படியில் நின்றாள்.

"ஒண்ணுமில்லை. மழை."

"மழை இன்னும் ஆரம்பிக்கலையே."

அவள் டம்ளரை வைத்தாள். காதுக்குழாயை எடுத்துக் காதில் வைத்தாள். அவர் தடுத்திருக்கலாம். கை எழவில்லை.

"அஞ்சஞ்சா வரது" என்றாள் மெல்ல. "நாணு சொல்லியிருக்கான். அத்திம்பேர் ஒரு அடி அடிச்சாத்தான் நிறுத்தணும்னு."

நோட்டைப் புரட்டினாள். ஒவ்வொரு பக்கத்திலும் கடைசிக் கட்டத்தில் தம்பியின் கோணல் எழுத்து. கடைசிப் பக்கத்துக்கு வந்தாள். தேதியைப் பார்த்தாள். விரல் முதல் கோட்டில் பதிந்து, ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டே போனது. அடியில் இருந்ததைப் படித்தாள். கரை சேர்ந்த நேரத்துக்கான கட்டம் காலி.

"உடனே போயிட்டான்னு சொன்னேளே."

அவர் நோட்டை மூடப் பார்த்தார்; அவள் விரலை எடுக்கவில்லை.

"நீங்க அடிக்கவே இல்லை."

மேஜைமேல் கிடந்த சுத்தியலை எடுத்துக்கொண்டு முற்றத்தில் இறங்கினாள்.

"வேண்டாம், காமு."

"குழந்தை எத்தனை நாழி தட்டிண்டிருப்பான்?"

ஆற்றிலிருந்து வரும் குழாயில் ஒரே ஒரு அடி அடித்தாள்.

தட்டல் நின்றது.

காக்கைகூடக் கத்தவில்லை. பிறகு குழாய்க்குள், வெகு தொலைவில், ஏதோ நகர்ந்தது. மூடிய குழாய் திணறியது. சேற்று வாடை. தொட்டி நிரம்பியது. வழிந்தது. தண்ணீர் சளப்பென்றது, யாரோ விளிம்பைப் பிடித்து ஏறுவதுபோல.

காமு திரும்பி வந்து மேஜையருகே உட்கார்ந்தாள். நோட்டைச் சீராக வைத்தாள். பென்சிலை அதன்மேல் வைத்தாள்.

ஈரக் கால்கள். முற்றத்தில். படியில். அறையில்.

அனந்தகிருஷ்ணன் தலை நிமிரவில்லை. பார்வை நோட்டை விட்டு அகலவில்லை. காலிக் கட்டத்தில் ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று.

காமு திரும்பிப் பார்க்காமலே கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். அவள் தோளுக்கு மேலாக ஒரு கை நீண்டது. தோலில்லாத முட்டிகள் மடங்கி, விரல்கள் பென்சிலை எடுத்தன.